லாபிஸில் ஐந்து நாள் சைவம்

முன்னாள் மாணவன் என்ற முறையில் இவ்வாண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று தம்பிமார்கள் கேட்டபோது, கழகத்தின் பழைய நாட்களைப் பற்றி எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தேன். உட்கார்ந்து யோசித்தால் நாற்காலி அடுக்கியதும் பதாகை கட்டியதும்தான் நினைவுக்கு வந்தன. அவற்றை இப்போதும் நீங்கள் செய்துகொண்டுதான் இருப்பீர்கள். ஆகவே சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறேன். அதுவும் சைவச் சாப்பாட்டைப் பற்றி.

2006 டிசம்பர். ஜொகூரில் பெருவெள்ளம். இன்றைய மாணவர்களில் பலர் அப்போது தொட்டிலில் இருந்திருப்பீர்கள். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் முதல் அலை, ஜனவரியில் இரண்டாவது அலை. இரண்டிலும் சேர்த்து ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். சிகாமட், கோத்தா திங்கி என்று தினமும் நாளிதழ்களில் படம் வரும். கூரை மட்டும் தெரியும் வீடு, படகில் உட்கார்ந்திருக்கும் பாட்டி, கூரை மேல் ஒரு கோழி.

எங்கள் விடுதியில் லாபிஸ்காரன் ஒருவன் இருந்தான். அவனுடைய பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதாக நினைவில்லை. "டேய் லாபிஸ்!" என்றால்தான் திரும்பிப் பார்ப்பான். சிகாமட்டுக்கும் யோங் பெங்குக்கும் நடுவில், பழைய நெடுஞ்சாலையில் இருக்கும் சிற்றூர் லாபிஸ். 1909இல் ஜொகூர் வழியாக இரயில் பாதை போட்டு முடித்த பிறகு, தண்டவாளத்தின் இரு பக்கமும் இரப்பர் தோட்டங்கள் பெருகின. தோட்டங்களோடு நம்மவர்களும் வந்தார்கள். பின்னர் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லாபிஸின் அப்பாவும் செம்பனைக் குலை வெட்டுபவர்தான். ஊருக்கு வெளியே, ஓடைக்கரையில் பலகை வீடு. அந்த வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது என்று தங்கைக்காரி தொலைபேசியில் சொன்னபோது அவன் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். புத்தகத்தை மூடி வைத்தவன் பிறகு திறக்கவே இல்லை.

கழகம் நிவாரணப் பொருள் திரட்டியது. என்னென்ன வேண்டும் என்ற பட்டியலை நான்தான் எழுதினேன். விடுதிச் சுவரில் ஒட்டிய அந்தத் தாள் இன்னும் கண்ணில் நிற்கிறது: அரிசி, சார்டின், மெகி மீ, பிஸ்கட், மைலோ, சவர்க்காரம், பழைய துணி. கெடாமல் இருக்க வேண்டும், உடனே சாப்பிட முடிய வேண்டும் என்பதுதான் கணக்கு. நான்கு நாளில் பெட்டி பெட்டியாகச் சார்டின் வந்து குவிந்தது. தலையணை இல்லாதவன் சார்டின் பெட்டியில் தலை வைத்துப் படுக்கலாம் என்று கேலி பேசினோம்.

இங்கே என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு நடுவில் அப்பாவுக்கு இருதய அறுவைச் சிகிச்சை நடந்தது. நல்லபடியாக எழுந்து வந்தால் பிள்ளை பத்துமலைக்குப் பால்குடம் எடுப்பான் என்று அம்மா வேண்டிக்கொண்டார். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் மறுத்திருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம். 2007ஆம் ஆண்டு தைப்பூசம் பிப்ரவரி முதல் தேதி. 48 நாள் விரதம் என்றால் டிசம்பர் 16, அதாவது மார்கழி முதல் தேதியே தொடங்க வேண்டும். தொடங்கினேன். அதற்கு முன் நான் சைவம் சாப்பிட்டது வெள்ளிக்கிழமைகளிலும் புரட்டாசியிலும், அதுவும் வீட்டில் வேறு எதுவும் சமைக்க மாட்டார்கள் என்பதால் மட்டும்தான்.

விடுதியில் சமாளிப்பது பெரிய காரியமில்லை. சிற்றுண்டிச்சாலையில் ஓர் அக்கா நமக்கென்று பருப்பும் பொரியலும் எடுத்து வைப்பார். புதிய ஊருக்குப் போகும்போதுதான் சைவம் எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும். இப்போது கைப்பேசியில் தட்டினால் சுற்றுவட்டாரத்துச் சைவக் கடைகள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கின்றன. அப்போது வாயைத் திறந்து கேட்க வேண்டும். கேட்டாலும் கேள்வியைச் சரியாகக் கேட்க வேண்டும். "சாயூர் ஆடா?" என்றால் "ஆடா" என்பார்கள். கங்கோங் கீரை வரும். கீரை காய்தானே? ஆனால் அதை வதக்கியது பெலாச்சானில். இறால் புளித்த வாசனையை மூக்கு கண்டுபிடிப்பதற்குள் வாய் மென்றிருக்கும். நாசி லெமாக்கில் நெத்திலியை ஒதுக்கி வைத்துவிடலாம், சம்பலுக்குள் கரைந்திருப்பதை என்ன செய்வது? சீனர் கடையில் காய்கறி மீகூன் என்று கேட்டால் சிப்பிச் சாறு ஊற்றியிருப்பார்கள். "கோழி வேண்டாம்" என்றால் கோழித் துண்டை மட்டும் எடுத்துவிட்டு, கோழி வெந்த தண்ணீரில் சூப் வரும். யாரும் ஏமாற்றவில்லை. அவர்களுடைய கணக்கில் காய் என்றால் கண்ணுக்குத் தெரிவது, சாறு கணக்கில் வராது. இந்த விஷயத்தில் நம் கணக்கு நுணுக்கமானது. அந்த நுணுக்கத்தைச் சொல்ல வேண்டியது நம் பொறுப்பு.

டிசம்பர் 30, சனிக்கிழமை காலை ஒரு வேனில் ஏழு பேர் புறப்பட்டோம். மறுநாள் ஹஜ்ஜுப் பெருநாள், அதற்கு மறுநாள் புத்தாண்டு என்பதால் விடுமுறை நீளம். நெடுஞ்சாலையில் தங்காக் வரை போய், அங்கிருந்து சிகாமட். சிகாமட்டில் தண்ணீர் வடிந்திருந்தது. ஆனால் வேலிகளில் எல்லாம் சேறு படிந்த துணிகள் தொங்கின. கடைவாசல்களில் நனைந்த மெத்தைகள் கிடந்தன. ஊரே ஒரு பழைய துணி மூட்டை போல நாறியது. அதைப் பார்த்த பிறகு வேனில் பேச்சு குறைந்துவிட்டது.

லாபிஸுக்குள் நுழையும்போது மணி இரண்டு. பசி. நம்மவர் கடை ஒன்று உண்டு என்று லாபிஸ் சொன்னான். போய்ப் பார்த்தால் பூட்டு. வேறு வழியில்லாமல் ஒரு ரொட்டி சானாய் கடைக்குள் நுழைந்தோம். நான் ரொட்டியும் டால்ச்சாவும் கேட்டேன். பருப்பில் கத்தரிக்காய், உருளைக்கிழங்கு எல்லாம் போட்ட குழம்பு அது. பார்க்க நம் சாம்பாருக்குத் தம்பி போல இருக்கும். இரண்டாவது ரொட்டியைப் பாதி தின்ற பிறகு பல்லில் ஏதோ கடிபட்டது. எடுத்துப் பார்த்தேன். விரல் நகம் அளவு எலும்பு.

டால்ச்சாவை ருசிக்காக ஆட்டெலும்பு போட்டுக் கொதிக்க வைப்பார்கள் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். பல கடைகளில் அதுதான் வழக்கம். கடைக்காரர் மேல் தப்பே இல்லை, நான் கேட்கவில்லை. மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் என்னவோ செய்தது. பதினைந்தாம் நாள். அப்பாவின் நெஞ்சில் நடுவாகக் கீறித் தைத்த தழும்பை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தழும்புக்கும் இந்த எலும்புக்கும் சம்பந்தம் இல்லை என்று படித்த மூளை சொன்னது. மூளை சொன்னதை வயிறு கேட்கவில்லை. கடைக்குப் பின்னால் போய் வாய் கொப்பளித்தேன். மூன்று தரம், நான்கு தரம்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், அன்று இரவு நான் செய்த காரியத்துக்கு இதுதான் காரணம். காரணம் சொன்னால் மன்னிப்பு கிடைத்துவிடும் என்பதற்காகச் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போனோம். சுவரில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. அதற்குக் கீழே இருந்தது எல்லாம் போயிற்று. குளிர்பெட்டி கவிழ்ந்து கிடந்தது. அலமாரிப் பலகை ஊதிப் போய்க் கதவு மூட மறுத்தது. சாமி படங்கள் மட்டும் உயரத்தில் மாட்டியிருந்ததால் தப்பித்திருந்தன. அம்மா வாசலில் நின்று, "வாங்க தம்பிங்களா, உட்காரச் சொல்ல நாற்காலிதான் இல்லை" என்றார். உடனே, "பசியாறினீங்களா?" என்றார். வீடே போன மனுஷி கேட்கிற கேள்வியா இது!

மாலை வரை சேறு அள்ளினோம். குழாயில் தண்ணீர் இன்னும் வரவில்லை. தண்ணீர் லாரி வரும்போது வாளி வாளியாகப் பிடித்து வைக்க வேண்டும். அந்த வாளிகள்தான் குடிக்க, சமைக்க, குழந்தைகளுக்கு முகம் கழுவ. சேற்றைக் கழுவ ஓடைத் தண்ணீர். எந்த வாளி எதற்கு என்பதில் தங்கைக்காரி கண்டிப்பானவள். பதினான்கு, பதினைந்து வயது இருக்கும். தெரியாமல் நல்ல தண்ணீரில் கை விட்ட எங்கள் சீனியர் ஒருவரை, "அண்ணே, அது சோத்துத் தண்ணி" என்று அதட்டினாள்.

நான் விரதம் என்பதை லாபிஸ் முன்கூட்டியே வீட்டில் சொல்லியிருந்தான். அது எனக்குத் தெரியாது. இரவு, ஒற்றை அடுப்பில் அம்மா சமைத்தார். எல்லாருக்கும் சோறும் சார்டின் குழம்பும். நாங்கள் கொண்டுபோன சார்டின்தான். அது முடிந்த பிறகு இன்னொரு சிறிய சட்டியை எடுத்து வைத்து, உருளைக்கிழங்கும் பருப்பும் போட்டு ஒரு கூட்டு செய்தார். ஆளுக்கொரு தட்டில் பரிமாறினார்கள். என் முறை வந்தது. தங்கை கரண்டியில் கூட்டை அள்ளினாள்.

"அந்தக் கரண்டி குழம்புல போட்டதாம்மா?" என்று கேட்டேன்.

கேட்ட உடனே தெரிந்துவிட்டது, கேட்டிருக்கக் கூடாது என்று. அம்மா, "இல்ல தம்பி, கழுவினதுதான்" என்றார். குரலில் கோபமே இல்லை. பயம்தான் இருந்தது, விருந்தாளிக்கு ஏதோ குறை வைத்துவிட்டோமோ என்ற பயம். தங்கை ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய், நல்ல தண்ணீர் வாளியிலிருந்து ஒரு குவளை நிறைய மொண்டு, அந்தக் கரண்டியின் மேல் ஊற்றினாள். முழுக் குவளையும். பிறகு அதை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு வந்து பரிமாறினாள். மாலையில் ஒரு சொட்டுக்காகச் சீனியரை அதட்டிய பிள்ளை.

யாரும் எதுவும் சொல்லவில்லை. லாபிஸ் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். அந்தக் கூட்டு என்ன ருசியாக இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பலகைத் தரையில் வரிசையாகப் படுத்தோம். எனக்குத் தூக்கம் வரவில்லை. வாசற்படியில் அம்மா உட்கார்ந்திருந்தார். வெள்ளம் வந்த நாளிலிருந்து இப்படித்தானாம். மழைச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவாராம். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "மன்னிச்சிருங்கம்மா" என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

"நானும் மார்கழி ஒண்ணாந்தேதி விரதம் ஆரம்பிச்சேன் தம்பி" என்றார். "வருசா வருசம் எடுக்கிறதுதான். இவன் உங்க பல்கலைக்கழகத்துல இடம் கிடைச்சு வந்ததுலேருந்து பால்குடமும் எடுக்கிறேன். நாலாம் நாளு தண்ணி வந்திருச்சு. பள்ளிக்கூடத்து மண்டபத்துல கொண்டு போய் விட்டாங்க. முத நாளு வெறும் சோறு தின்னேன். ரெண்டாம் நாளும் வெறும் சோறு. எனக்கு இனிப்பு நீரு இருக்குல்ல, தலை சுத்திக் கீழ விழுந்துட்டேன். மூணாம் நாளு சார்டின் தின்னேன்."

அவ்வளவுதான் சொன்னார். அழவில்லை, வருத்தப்பட்டதாகக்கூடத் தெரியவில்லை. நான்தான், "விரதம் போச்சேம்மா" என்று ஏதோ உளறினேன். அவர் சிரித்தார்.

"முருகனுக்குத் தெரியாதா தம்பி, இங்க என்ன கெடைக்குதுன்னு?"

அந்த இருட்டில் என் மனம் விடுதிச் சுவரில் ஒட்டிய தாளுக்குப் போனது. அரிசி, சார்டின், மெகி மீ. கோழி வாசனைத் தூள் போட்ட மெகி மீ. பட்டியல் எழுதியவன் அப்போதே விரதத்தில் இருந்தவன். தைப்பூசத்துக்கு நாற்பது நாள் இருக்கும்போது, நம்மவர் வாழும் தோட்டப்புறத்துக்குப் பொருள் அனுப்புகிறோம், அங்கே விரதக்காரர்கள் இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு பொட்டலம் பருப்பு, ஓர் அவித்த கடலை டின், ஒரு பாட்டில் ஊறுகாய்... எதுவுமே கெட்டுப்போகிற பொருள் இல்லையே! அந்த மண்டபத்தில் அம்மா தின்ற சார்டின் நாங்கள் அனுப்பியது இல்லைதான். நாங்கள் முந்தி அனுப்பியிருந்தாலும் அதையேதான் அனுப்பியிருப்போம்.

அன்று கூட்டுக்குப் போட்ட பருப்பு எங்கிருந்து வந்தது என்று மறுநாள் லாபிஸிடம் கேட்டேன். பேசாமல் மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தான். நாங்கள் சேறு அள்ளிக்கொண்டிருந்தபோது அவன் அப்பா மூன்று வீடு போய்க் கேட்டு வாங்கி வந்தாராம்.

மறுநாள் ஹஜ்ஜுப் பெருநாள். பக்கத்து வீட்டு மாக்சிக் ஒரு தட்டில் கெத்துப்பாட்டும் தனிக் கிண்ணத்தில் கடலைக் குழம்பும் கொண்டுவந்தார். குர்பான் இறைச்சி எதுவும் இல்லை. இந்த வீட்டில் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டார்கள் என்பது அவருக்கு இருபது வருடமாகத் தெரியும். கடலைக் குழம்பில் காய்ந்த இறால் இருக்குமோ என்று என் மனம் போனது. இம்முறை கேள்வியை வாயிலேயே வைத்துக்கொண்டேன். கெத்துப்பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். அரிசியைத் தென்னங்குருத்தில் வைத்து அவித்தது, அதில் யாருக்கும் சந்தேகம் வராது. கேட்காமலே ஒதுங்கிக்கொள்ள இடம் இருக்கும்போது கேட்க வேண்டியதில்லை என்பதை ஒரே நாளில் கற்றுக்கொண்டிருந்தேன். பெரிய ஞானம் ஒன்றுமில்லை, கொஞ்சம் மரியாதை.

அடுத்த இரண்டு நாளும் சமையலில் ஒரு மாற்றம் செய்தேன். அம்மாவிடம் சண்டை போட்டு, என் சாப்பாட்டை முதலில் சமைக்க வைத்தேன். முதலில் காய், பிறகு சார்டின். அதே சட்டி, அதே கரண்டி, கழுவுகிற வேலையும் இல்லை. இவ்வளவு சாதாரண விஷயம் முதல் நாள் யாருக்கும் தோன்றாமல் போயிற்று. எனக்குத்தான் தோன்றியிருக்க வேண்டும்.

ஜனவரி 3, புதன்கிழமை. அன்று மாலை நாங்கள் திரும்ப வேண்டும். காலையில் குளோரினும் துடைப்பமும் வாங்க நானும் லாபிஸும் மோட்டாரில் ஊருக்குள் போனோம். கடைத்தெருவில் ஒரு சீனர் ஒட்டுக்கடையின் முன்னால் மஞ்சள் அட்டையில் சிவப்பாக ஒரே ஓர் எழுத்து எழுதித் தொங்கியது. நான்கு நாளாக அந்த வழியாகப் போயிருக்கிறேன். அட்டையைப் பார்த்ததில்லை.

"அது சாய் கடைடா" என்றான் லாபிஸ். "ஒண்ணாந்தேதி, பதினைஞ்சாந்தேதி மட்டும்தான்."

சீனர் நாட்காட்டியில் மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அவர்களில் பலருக்குச் சைவ நாள். அவர்களுடைய மாதம் நிலவை வைத்து ஓடுவதால் முதல் நாள் அமாவாசை, பதினைந்து என்றால் பௌர்ணமியை ஒட்டி வரும். நமக்கு வெள்ளியும் சனியும் புரட்டாசியும் போல. ஒன்பதாம் மாதத்தில் ஒன்பது பேரரசர் திருவிழா என்று ஒன்று வரும். ஒன்பது நாளும் வெள்ளை உடுத்திச் சைவம் சாப்பிடுவார்கள், கடைகளில் மஞ்சள் கொடி பறக்கும். நீங்கள் பார்த்திருப்பீர்கள், என்னவென்று கேட்டிருக்க மாட்டீர்கள். நானும் இருபத்திரண்டு வயது வரை கேட்டதில்லை. இந்த நாட்டில் பிறந்து வளர்ந்த நம்மில் பெரும்பாலோர் பரம்பரைச் சைவர்கள் அல்லர். தோட்டத்தில் கருவாடும் பருப்பும் தின்று, சம்பள நாளில் கறி எடுத்த குடும்பங்கள். நமக்குச் சைவம் என்பது நாள் பார்த்து வருவது. அந்த வகையில் தமிழ்நாட்டுச் சைவக் குடும்பத்தைவிட லாபிஸ் கடைத்தெரு ஆசோதான் எனக்கு நெருங்கிய உறவு.

ஆசோவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். என் கழுத்து உருத்திராட்சத்தைப் பார்த்துவிட்டு, "லு மாக்கான் சாய் கா?" என்றார். ஆமாம் என்றேன். நான் கேட்க நினைத்த கேள்விகளை எல்லாம் அவரே வரிசையாகப் பதிலாகச் சொன்னார். முட்டை இல்லை, சிப்பிச் சாறு இல்லை, பெலாச்சான் இல்லை, வாணலி வேறு. தட்டில் கோழித் துண்டு போலக் கிடந்ததைச் சுட்டிக்காட்டினேன். சோயாவும் கோதுமைப் பசையும் என்றார். பிறகு அவர் ஒன்று கேட்டார். லாபிஸ்தான் விளக்கினான்: "நீ வெங்காயம், பூண்டு சாப்பிடுவியான்னு கேட்கிறாங்க." சாப்பிடுவேன் என்றேன். ஆசோ என்னை மேலும் கீழும் பார்த்தார். வெங்காயம் பூண்டெல்லாம் அவர்கள் சைவத்தில் சேர்த்தியில்லை. கரண்டிக்கு நல்ல தண்ணீர் ஊற்ற வைத்த என்னுடைய விரதம் அவருடைய தராசில் அரை விரதம்தான். எனக்கு அன்று அது தேவையாகத்தான் இருந்தது.

மீகூன் பொட்டலம் இரண்டு வெள்ளி. ஒன்று வாங்க வந்தவன் பன்னிரண்டு வாங்கினேன். வெள்ளம் வந்த வீட்டுக்கு என்று லாபிஸ் சொன்னதும், எந்தப் பக்கம், தண்ணீர் எவ்வளவு உயரம், குழாய் வந்துவிட்டதா என்று ஆசோ விசாரித்தார். காசைச் சரியாக எண்ணி வாங்கிக்கொண்டார். ஒரு பை நிறைய ஊறவைத்த பச்சை மிளகாய் மட்டும் கூடுதலாகக் கட்டிக் கொடுத்தார்.

வீட்டில் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தோம். அன்று எல்லார் கையிலும் ஒரே சாப்பாடு. கரண்டியே வேண்டியிருக்கவில்லை. அம்மா நான்கு வாய் சாப்பிட்டுவிட்டு, "வெங்காயம் போடலையோ?" என்றார். சீனருக்கு இன்று பதினைந்து, அதனால் சைவம் என்று லாபிஸ் சொன்னான். அம்மா கையை நிறுத்தினார்.

"பதினைஞ்சா? அப்ப இன்னிக்குப் பௌர்ணமியா?"

நாட்காட்டி வெள்ளத்தில் போய்விட்டது. தண்ணீர் வந்ததிலிருந்து எது எந்த நாள் என்று அந்த வீட்டில் யாரும் பார்க்கவில்லை. மார்கழித் திருவாதிரை அன்றுதான். அதுகூட அவருக்குத் தெரியாமல் போயிருந்தது. இடது கை விரல்களை மடக்கி மடக்கி எண்ணினார். தைப்பூசம் அடுத்த பௌர்ணமியை ஒட்டி. இருபத்தொன்பது நாள்.

"இருபத்தொம்பது நாளு இருக்கு" என்றார் மகளிடம். "போதும்." பிறகு மீதி மீகூனைச் சாப்பிட்டு முடித்தார். எங்கள் பெட்டிகளில் மிச்சமிருந்த சார்டினைத் தங்கை எண்ணி, பக்கத்து வீட்டுக்கு எத்தனை, லயத்துக்கு எத்தனை என்று பிரிக்க ஆரம்பித்தாள்.

கோலாலம்பூர் திரும்பிய மறுநாளே இரண்டாவது பட்டியல் எழுதினேன். பருப்பு முதல் வரி. அது நல்லவேளையாக வீண்போகவில்லை. ஜனவரி இரண்டாம் வாரத்தில் மீண்டும் ஜொகூரில் வெள்ளம். லாபிஸ் வீட்டில் இம்முறை தண்ணீர் வாசற்படி வரை வந்து நின்றுவிட்டுத் திரும்பியது.

பிப்ரவரி முதல் தேதி வியாழக்கிழமை. அப்போது கோலாலம்பூரில் தைப்பூசத்துக்கு விடுமுறை கிடையாது, 2008இல்தான் அறிவித்தார்கள். இரண்டு விரிவுரைகளைத் தவறவிட்டு, முந்தைய ஆண்டு எழுப்பிய அந்தப் பெரிய முருகன் சிலையின் காலடியைக் கடந்து, 272 படியும் ஏறினேன். அப்பா கீழே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். எலும்பு கடித்த கதையை அம்மாவிடம் சொல்லவில்லை. பல ஆண்டுகள் கழித்துச் சொன்னபோது, "அது கணக்குல வராதுடா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அன்று மாலை லாபிஸ் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினேன். அவன் அம்மாவும் பக்கத்துக் கோயிலில் பால்குடம் எடுத்திருந்தார். கால் வீங்கியிருக்கிறது, மற்றபடி சௌக்கியம் என்றான்.

நான் இப்போது வேலை நிமித்தமாக அடிக்கடி வெளியூர் போகிறவன். விரத நாள் என்றால் ஒரு கிலோ அவலும் ஒரு புட்டி ஊறுகாயும் பையில் இருக்கும். புது ஊரில் இறங்கியதும் மஞ்சள் அட்டை எங்கேயாவது தொங்குகிறதா என்று கண் தேடும். யார் வீட்டுக்காவது போவதாக இருந்தால் இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுவேன், இல்லையென்றால் சாப்பிட்டுவிட்டுப் போவேன்.

லாபிஸ் வழியாகப் போகும்போதெல்லாம் அந்த வீட்டில் இறங்குவேன். இப்போது கல் வீடு. அடித்தளத்தை மூன்றடி உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். தங்கைக்காரி ஆசிரியை, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். சென்ற முறை புறப்படும் முன் தொலைபேசியில் சொன்னேன். அம்மா எடுத்தார். எடுத்ததும் அதே கேள்விதான்.

"வர்ற அன்னிக்கு என்ன நாளு தம்பி? ஏதும் விரதமா?"

"ஒண்ணும் இல்லம்மா. செவ்வாய்க்கிழமை. எது ஆக்கினாலும் சாப்பிடுவேன்."

"அப்படியா?" என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சிரிப்புச் சத்தம். "அப்ப சார்டின் போதுமா?"